கலக்காத கஞ்சி

இருபத்தாறாவது வயதில் நான் நாட்டுக்குச் செய்த சேவை, பஞ்ச காலத்தில் தினமும் ஒரு செம்பு வடிகஞ்சியை என் சட்டைக்குக் குடிக்கக் கொடுத்தது.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. சண்டை முடிந்தால் அரிசி வரும் என்றார்கள். சண்டை முடிந்த செய்தி வந்தது, அரிசி வரவில்லை. மழையும் அரிசியோடு சேர்ந்து எங்கோ தங்கிவிட்டது. குன்னத்துக்குத் தெற்கே ஒரு புன்செய்க் கிராமத்தில் என்னை நெல் கொள்முதல் குமாஸ்தாவாகப் போட்டார்கள். தற்காலிக உத்தியோகம். யார் வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் போக மீதி எவ்வளவு என்று பார்த்து, மீதியைச் சர்க்காருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். நெல்லைச் சோற்றுக்கு முந்தைய நிலையில் நான் கவனித்துப் பார்த்ததே அப்போதுதான். அந்த வேலைக்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி வெள்ளைச் சட்டை. அது விறைப்பாக நின்றால் சர்க்காரே நிற்பதாக ஊரார் நினைப்பார்கள் என்று நம்பினேன்.

இங்கே நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சட்டையை வெளுத்தவளைப் பற்றி. அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் 'ஏம்மா' என்று கூப்பிட்டுவிட்டு, பெரிய சீர்திருத்தம் செய்ததாகத் திருப்திப்பட்டுக்கொண்டேன். அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் 'நீ' என்பேன், அவள் 'சாமி' என்பாள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அவளுக்குப் பட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அழுக்குத் துணியோடு அந்தந்த வீட்டுக் கஞ்சியையும் அவளிடம் ஊற்றிவிட வேண்டும். துணிக்கு விறைப்பு அந்தக் கஞ்சியிலிருந்துதான். ஏரிக்கரைத் துறையில் ஒரு வேப்ப மரத்தடியில் அவள் சட்டிகளை வரிசையாக வைத்திருப்பாள். வீட்டுக்கு ஒரு சட்டி. துணி மாறிப் போகாமல் இருக்க ஓரத்தில் சேங்கொட்டை மையால் என்ன குறி போட்டிருப்பாளோ, அதே குறியைச் சட்டியின் கழுத்திலும் சுண்ணாம்பால் போட்டிருப்பாள். ஒரு சட்டிக்கும் இன்னொரு சட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம். தெறித்து விழக்கூட வழியில்லை.

கூலி என்று கையில் எதுவும் கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்தில் தானியம். மற்ற நாளெல்லாம் பொழுது சாயும்போது ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். சோறோ, களியோ, கூழோ, வீட்டுக்கு ஓர் அகப்பை. அவள் வாழ்க்கையில் எல்லா வீடும் கலந்தது அந்தப் பானையில் மட்டும்தான்.

நான் முதல் மாதமே அவளோடு சண்டைக்குப் போனேன்.

"ஏம்மா, என் சட்டை மட்டும் ஏன் மழையில நனைஞ்ச கோழி மாதிரி தொங்குது? பெரிய வூட்டு வேட்டியப் பாரு. ஆளு இல்லாட்டியும் தானா நடந்து போவும் போலருக்கு."

பெரிய வீட்டுக்காரர் என்பவர் ஊரின் முதல் மிராசுதார். கொள்ளிடக்கரையில் அவருக்கு நஞ்சை இருந்தது.

"உங்க கஞ்சிக்கு அவ்வளவுதாங்க சாமி வரும். நான் என்ன கையிலயா வச்சிருக்கேன்?"

"அந்தச் சட்டியிலேர்ந்து ஒரு கை மோந்து இதுல வுட்டா என்ன கொறஞ்சா போவும்?"

அவள் துவைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோயில் குருக்களிடம் போய் அம்மன் புடவையை ஒரு நாள் இரவலாகக் கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"அவங்க கஞ்சி அவங்க துணிக்குங்க."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"துணிக்குத் தெரியுமுங்களே."

பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டு, என் சட்டியில் விரலை விட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். நுனிநாக்கில் தொட்டுத் துப்பினாள். "நொய்யி. குடோன்ல ரெண்டு மழ பாத்த நொய்யி. பூச்சி தின்னது போக மீதி. இதுல என்னத்த நிக்கும் சாமி? இதக் குடிச்சாலே நிக்க முடியாது."

சர்க்கார் எனக்குக் கொடுத்த ரேஷனைப் பற்றி இவ்வளவு சரியான அறிக்கையை நான் எந்த பைலிலும் படித்ததில்லை. ஆனால் இது என் கஞ்சி என்பதால் என்னிடம் சொன்னாள். அடுத்த சட்டியைக் காட்டி, "இது யாரு வூடு? என்ன அரிசி?" என்று கேட்டால் அந்த நிமிஷமே அவளுக்குக் காது கேட்காமல் போய்விடும். துணியை ஓங்கிக் கல்லில் அடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பொதுவாகக் கேட்டால் பேசுவாள். அதில் பெருமையும் உண்டு. வரகுக் கஞ்சி ஏறாது, துணி சொரசொரவென்று இருக்கும். சோளக் கஞ்சி போட்டால் வேட்டிக்கு மூக்குச்சளி பிடித்த நிறம் வரும். கம்பு சாம்பல் பூத்துப் போகும். மரவள்ளி மாவு பளபளப்பாகத்தான் இருக்கும். மடித்தால் மடித்த இடத்தில் உடையும். "புதுச் சம்பா அரிசிதாங்க சாமி. கொதிக்கும்போதே பசையா எறங்கும். ஆறுனா ஆடையா உக்காந்துக்கும். அதுல முக்கி எடுத்தா பலக மாதிரி நிக்கும். கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலே சொல்லிடுவேன்."

இதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். கேட்டதை எல்லாம் உடனே மறந்துவிடும் நல்ல பழக்கம் எனக்கு உண்டு. இதை மட்டும் மறக்கவில்லை.

அவள் விரல் கண்டுபிடித்து வைத்திருந்ததைப் பல வருஷம் கழித்துத் தாவர நூல் ஒன்றில் படித்தேன். இலை வெயிலைக் கொண்டு காற்றையும் தண்ணீரையும் சர்க்கரையாகச் சமைக்கிறதாம். அன்றாடச் செலவு போக மீந்த சர்க்கரையைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, உருண்டை பிடித்து, மணிக்குள்ளும் கிழங்குக்குள்ளும் ஒளித்து வைக்கிறதாம். அதற்குப் பெயர் மாவுச்சத்து. அதாவது, செடிதான் உலகத்தின் முதல் பதுக்கல்காரன். அந்தச் சங்கிலிகளில் கிளை விட்டது ஒரு வகை, கிளை இல்லாமல் நீளமாகப் போவது ஒரு வகை. அரிசி வெந்து உருண்டைகள் ஊதி வெடிக்கும்போது நீளச் சங்கிலிதான் முக்கியமாகக் கஞ்சியில் இறங்குகிறது. ஆறியதும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு விறைக்கிறது. வயிற்றுக்குள் போனால் சங்கிலி அறுந்து மறுபடி சர்க்கரையாகி, ரத்தமாக, நடையாக, குழந்தையின் அழுகையாக மாறுகிறது. சட்டைக்குள் போனால் குமாஸ்தாவின் கௌரவமாக மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே பொருள்தான். அதை எங்கே ஊற்றுவது என்ற முடிவு மட்டும் நம்முடையது.

கணக்குப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒரு தடவை அவளிடம் பேரம் பேசினாள். ஆலத்தூர்ப் பக்கம் சம்பந்தி வீட்டுக் கல்யாணம். பட்டுக்கு வழியில்லை, இருக்கிற நூல் புடவையாவது மடமடவென்று இருக்க வேண்டும். "பெரிய வூட்டுக் கஞ்சியில ஒரு முக்கு முக்கிக் குடுடி. ஒரு படி கம்பு தரேன்." பஞ்சத்தில் ஒரு படி கம்பு என்பது நாலு நாள் உயிர். அவள் முடியாது என்றாள். புடவை வரகுக் கஞ்சியில் நனைந்து, சாக்கு மாதிரி கல்யாணத்துக்குப் போய் வந்தது. அந்த வருஷம் கணக்குப்பிள்ளை வீட்டுக் களத்தில் அவளுக்குத் தானியம் இல்லை.

"புத்தி இருக்கா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கறதாலதான் சாமி நாலு வூட்டுல கஞ்சிய நம்பி ஊத்தறாங்க" என்றாள்.

அவள் குடிசையில் புருஷன் கிடையாது. முந்தின வருஷமே காலராவில் போய்விட்டான். ஒரு மகள் பிரசவத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டாள். மருமகன் கண்டிச் சீமைக்குப் போனவன், கடிதாசி கிடையாது. மகளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை ஆறு மாதத்துப் பெண். பார்த்தால் இரண்டு மாதம் என்பார்கள். சாயங்காலப் பானையில் விழும் சோற்றைக் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்த நீரைச் சங்கால் புகட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பானைதான் குழந்தைக்குத் தாய்ப்பால்.

ஒரு நாள் துறையில் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏழெட்டுச் சட்டி நிறையக் கஞ்சி. எனக்கே பொறுக்கவில்லை.

"இதுல ஒரு பாலாடை எடுத்துக் குடுத்தா ஆகாதா? குடிக்கிற கஞ்சிதானே?"

"துணிக்குன்னு குடுத்ததுங்க. துணி கொறயக் காட்டிடும்."

"ஊர்ல ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"சாயங்காலம் அவங்க வாசல்லதான சாமி போய் நிக்கணும்? இந்தச் சட்டியில கை வச்சுட்டு அந்தப் பானைய எப்படி நீட்டறது?"

அவள் கணக்கு எனக்குப் புரியவில்லை. நேர்மை என்பதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அங்கே அது இவ்வளவு சத்தமாக அழுததில்லை.

அந்த மாசியில் திருச்சியிலிருந்து சப்ளை ஆபீசர் வந்தார். சிரித்த முகம். தமாஷ் என்றால் உயிர். குமாஸ்தாவின் பதவி நிரந்தரமாவது அவர் சிரிப்பில் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிய வீட்டுக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். பெரிய வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கொள்ளிடக்கரை நெல் பூராவும் சர்க்காருக்கு அளந்துவிட்டதாகவும், வீட்டில் மூன்று மாதமாக வரகுச் சோறுதான் என்றும், பேரப்பிள்ளைகள் அரிசியின் நிறத்தையே மறந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். கேட்பவருக்குக் கண் கலங்கும். அவர் வேட்டி மட்டும் கலங்காமல், மடிப்பு மடிப்பாக, பலகை போல நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தமாஷ் ஒன்று நாக்கில் வந்துவிட்டால் அதை விழுங்குவது எனக்குச் சோற்றை விழுங்காமல் இருப்பதைவிடக் கஷ்டம்.

"சார், ஐயா வரகு சாப்பிடறது உண்மைதான். அவரு வேட்டிதான் புதுச் சம்பா சாப்பிடுது" என்றேன்.

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அவர் நிறுத்திவிட்டார். குனிந்து வேட்டியைப் பார்த்தார். விளக்கமாகச் சொல் என்றார். சொன்னேன். இந்த ஊரில் அந்தந்த வீட்டுக் கஞ்சிதான் அந்தந்த வீட்டுத் துணிக்கு; வரகுக்கு இந்த விறைப்பு வராது.

பெரிய வீட்டுக்காரர் முகம் மாறவில்லை. "வண்ணாத்தி எந்த வூட்டுக் கஞ்சியப் போட்டாளோ! எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திக் கரைக்கிற கழுதைங்க. இதுக்குப் போயி" என்றார்.

ஆபீசர் அவளைக் கூட்டிவரச் சொன்னார்.

ஈரக் கையோடு வந்து களத்தின் ஓரத்தில் நின்றாள். பெரிய வீட்டுக்காரரே முந்திக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் பேசினார்.

"இந்தா, பயப்படாத. நாலு வூட்டுக் கஞ்சியும் ஒண்ணாத்தான ஊத்திக் கரைப்ப நீ? ஐயாகிட்டச் சொல்லு. அவ்வளவுதான்."

வழி திறந்துவிட்டார். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்தது. 'ஆமாங்க சாமி' என்று இரண்டு வார்த்தை. சொல்லிவிட்டு அவள் துறைக்குப் போகலாம், நான் அசட்டுச் சிரிப்போடு வீட்டுக்குப் போகலாம், நெல் ஒளிந்த இடத்திலேயே இருக்கலாம். சொல்லிவிடு என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கலக்க மாட்டேனுங்க சாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"அவங்கவங்க வூட்டுல என்ன வேவுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் உள்ள போயிப் பாத்ததில்ல. ஆனா கலக்க மாட்டேன். இன்னி வரைக்கும் கலந்ததில்ல."

அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. ஆபீசர் எழுந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போரைப் பிரித்தார்கள். மூட்டை மூட்டையாக வந்தது. ஆபீசர் என் முதுகில் தட்டினார். "துப்பறியும் ஆள்தான்யா நீ" என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்து போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பெரிய வீட்டு வாசலில் அவளுக்குச் சோறு விழவில்லை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த வீட்டிலும் விழவில்லை. அதற்கடுத்த வீட்டிலும். யாரும் திட்டவில்லை, கட்டுப்பாடு போடவில்லை, தண்டோரா அடிக்கவில்லை. அவள் தெருமுனையில் திரும்பும்போதே கதவு சாத்திக்கொண்டது. துணி போடுவதை நிறுத்தினார்கள். கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினார்கள். பட்டினி கிடந்த வீட்டில்கூட அடுப்படியிலேயே குடித்துத் தீர்த்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. ஒரு படி கேழ்வரகு, அரை மூட்டை கம்பு. விரலால் தொட்டு வீட்டுக்குள் இருப்பதைப் படிக்கிறவளுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்?

நான் சும்மா இருக்கவில்லை. என் பிழையைத் திருத்தப் புறப்பட்டேன். இது என் வழக்கமான இரண்டாவது பிழை. டீக்கடையில் நின்று உரக்கச் சொன்னேன்:

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. வேட்டியப் பாத்துக் கண்டுபுடிச்சவன் நான்."

கணக்குப்பிள்ளை சிரித்தார். "சாருக்கு நெல்லு எது, பதரு எதுன்னே போன மாசம்தான் தெரியும். புதுச் சம்பா கஞ்சி பலகையாட்டம் நிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் டீக்குக் காசு தேடுவது போலச் சட்டைப் பையைத் துழாவினேன்.

"சொல்லுங்க சார். யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் நின்றது ஊருக்குப் போதுமான பதிலாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து அவள் என் சட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊரில் அவளுக்கு மிஞ்சிய ஒரே வாடிக்கை நான். அவள் கன்ன எலும்பு அதற்குள் மேலே வந்திருந்தது.

"சாமி, பெரிய வூட்டப் பத்தி நான் ஒங்ககிட்ட ஏதாச்சும் வாய் தவறிச் சொன்னனா?"

"இல்ல."

"அத ஊர்ல சொல்லுங்களேன்."

"சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

"அப்ப எதை வச்சுதான் சாமி கண்டுபுடிச்சீங்க?"

"நீ கலக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். அத வச்சுதான்."

"அது ஊருக்கே தெரியுமே" என்றாள். பிறகு, என்னிடம் இல்லை, கையில் இருந்த சட்டையிடம் சொல்வது போல, "அது நல்லதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் உள்ளே ஓடி என் நொய்யில் பாதியை எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு தினமும் என் கஞ்சியையும் கொடுத்தேன். துணி இல்லாமல், குழந்தைக்கு என்று சொல்லி. ஒரு ஆள் ரேஷனில் நாலு பேர். சத்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்க எனக்கு அவள் விரல் தேவைப்படவில்லை. என் சட்டை முற்றிலும் தொங்கிப்போனது. நான் தியாகம் செய்வதாக ஒரு வாரம் உணர்ந்தேன்.

இரண்டாவது வாரம் உத்தரவு வந்தது. திறமையைப் பாராட்டி என்னை அரியலூருக்கு மாற்றியிருந்தார்கள். நான் சொல்லிக்கொள்ளப் போனபோது குடிசையில் அவள் இல்லை. பக்கத்து ஊரில் சோறு கேட்டுப் போயிருப்பதாக மகள் சொன்னாள். குழந்தை மடியில் கிடந்தது. அழவில்லை. கையில் இருந்த நொய்யை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்திருந்தார்கள். என்னை அதற்கு மேற்பார்வை ஆக்கினார்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்த சோளக் குருணையும் மரவள்ளி மாவும் சேர்த்துக் காய்ச்சுவோம். பெரியவர்களுக்கு ஓர் அகப்பை, கைக்குழந்தைக்கு அரை. காலை ஒன்பது மணிக்குள் வரிசை ரயில் பாதையைத் தொட்டுவிடும். குன்னம், வேப்பந்தட்டை, எங்கெங்கிருந்தோ நடந்து வருவார்கள். கஞ்சி ஊற்றும் ஆள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட, அகப்பையை நானே பிடித்தேன்.

வரிசையில் அவள் வந்தாள். பின்னால் மகள். இருவருக்கும் சேர்த்து ஒரு சட்டியை நீட்டினாள். என்னைத் தெரிந்துகொண்டதாக முகத்தில் எதுவும் இல்லை. நான்தான் தடுமாறினேன். ஓர் அகப்பை ஊற்றினேன். இன்னொன்று ஊற்றினேன். அரை அகப்பை மொண்டு ஊற்றினேன்.

"இது வேணாமுங்க சாமி" என்றாள்.

"புள்ளைக்கும்மா."

மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேருதாங்க" என்றாள் அவள்.

"பரவால்ல, வச்சுக்க. நீயே குடி."

அவள் பின்னால் நின்றவனின் தகரக் குவளைக்கு நேராகத் தன் சட்டியைச் சாய்த்தாள். ஒரு சொட்டுக் கீழே விழாமல், அவ்வளவையும் சரியாக, அரை அகப்பை. அவன் என்ன ஏது என்று கேட்காமல் அங்கேயே நின்று குடித்துவிட்டு, குவளையை மறுபடி என்னிடம் நீட்டினான். சட்டியின் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் மகளோடு நகர்ந்தாள்.

வரிசை நின்றுவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியது நான்தான். கூப்பிட்டேன்.